பசு நன்றாகத்தான் இருந்தது: லிட்டில் பிஜியன் கிரீக்கில் பால் நோய், 1818

எந்த நிகழ்வு, ஏன் இது

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றிலிருந்து சுமார் 16 மைல் வடக்கே, லிட்டில் பிஜியன் கிரீக் என்ற ஓடைப்பகுதியில் ஒரு புதுக் குடியேற்றம் இருந்தது. 1818-இல் கோடை முடிந்து இலை உதிரத் தொடங்கும் நேரத்தில், சில வாரங்களுக்குள் அங்கே குறைந்தது நான்கு பெரியவர்கள் ஒரே மாதிரியான நோயில் இறந்தார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்கு வட்டாரக் காட்டுப் பகுதிகளில் அதற்குப் பால் நோய் என்று பெயர். மாட்டுக்கு வந்தால் நடுக்கம் என்பார்கள். நோய் பாலோடு வருகிறது என்ற சந்தேகம் குடியேறிகளிடம் வெகு காலமாகவே இருந்தது. பாலுக்குள் அது எப்படிப் போகிறது என்பது வேதியியல் முறையில் தெளிவாக 1928 வரை ஆகிவிட்டது.

இதில் வரும் குடும்பத்தினரைத் தச்சர், அவர் மனைவி, மனைவியை வளர்த்த தம்பதி என்றே குறிப்பிடுகிறேன். ஒன்றை மட்டும் மறைப்பதில் அர்த்தமில்லை. தச்சரின் ஒன்பது வயது மகன்தான் 1861-இல் அமெரிக்காவின் 16-ஆவது குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன். நமக்கு இந்த நிகழ்வின் விவரங்கள் கிடைத்திருப்பதே அதனால்தான். 1865-இல் லிங்கன் கொல்லப்பட்ட பிறகு, அவரோடு வழக்கறிஞர் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ண்டன் பழைய உறவினர்களையும் அண்டை வீட்டாரையும் தேடிப் பிடித்து, கடிதம் வழியாகவும் நேரிலும் கேட்டு எழுதி வைத்தார். ஆகவே இங்கே வரும் வீட்டு விவரங்களில் பல, ஏறக்குறைய 47 ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்ட நினைவுகள். நிலப் பதிவு, உயில் போன்றவை அந்தக் காலத்துத் தாள்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பின்னணி: காடும் தவணையும்

தச்சர் கென்டக்கியிலிருந்து வந்தவர். அங்கே நில எல்லைகள் மரம், பாறை, ஓடை என்று அடையாளம் வைத்து அளக்கப்பட்டிருந்தன. ஒருவர் பட்டா மேல் இன்னொருவர் பட்டா விழுவது சகஜம். உரிமைத் தகராறுகளில் அவர் நிலத்தையும் பணத்தையும் இழந்தார். ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே நிலைமை வேறு. 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசே முதலில் சதுரம் சதுரமாக அளந்துவிட்டு, பிறகுதான் விற்றது. அங்கே அடிமைமுறைக்கும் சட்டப்படி இடமில்லை. இந்த இரண்டையும் எண்ணித்தான் அவர் ஆற்றைக் கடந்தார் என்று மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். நிலத் தகராறுதான் பெரிய காரணம் என்பதும் மகனுடைய கருத்தே.

குடும்பம் வந்து சேர்ந்தது 1816 டிசம்பரில். அதே மாதம் 11-ஆம் தேதிதான் இண்டியானா மாநிலமானது. அப்போது அந்த இடம் பெரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இருந்தது. 1818-இல் பிரிக்கப்பட்ட ஸ்பென்சர் கவுண்டிக்குள் போனது. ஓக், ஹிக்கரி, பீச் மரங்களும் அவற்றில் ஏறிப் பின்னிக் கிடந்த காட்டுத் திராட்சைக் கொடிகளுமாக, கோடரி இல்லாமல் நுழைய முடியாத காடு. ஆண்களும் சிறுவர்களும் முதல் சில ஆண்டுகள் செய்த வேலை பெரும்பாலும் மரம் வெட்டுவதுதான். வெட்டி முடியாத மரங்களின் பட்டையைச் சுற்றிச் செதுக்கிவிட்டு, அவை நின்றபடியே பட்டுப்போக விடுவார்கள். இலை கொட்டி வெயில் இறங்கியதும் நடுவே சோளம் போடுவார்கள்.

1817 அக்டோபர் 15 அன்று வின்சென்ஸ் நில அலுவலகத்தில் தச்சர் 160 ஏக்கருக்கு 16 டாலர் முன்பணம் கட்டினார். டிசம்பருக்குள் மேலும் 64 டாலர் கட்டி, முதல் தவணையான 80 டாலரை முடித்தார். ஏக்கர் 2 டாலர், மொத்தம் 320. மீதியைத் தவணையில் கட்ட வேண்டும். பின்னால் வரும் முடிவுகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும்.

அந்த 1817 இலையுதிர் காலத்தில் மனைவியின் உறவினர் தம்பதியும் கென்டக்கியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். மனைவியைச் சிறு வயதில் வளர்த்தவர்கள் அவர்கள். கூடவே, அவர்கள் வளர்ப்பில் இருந்த ஒரு இளைஞனும் வந்தான். 1818-இல் அவனுக்கு 19 வயது. தச்சர் குடும்பம் முதலில் தங்கியிருந்த, ஒரு பக்கம் திறந்த மரக் கொட்டகையில் அவர்கள் குடியிருந்தார்கள். பின்னாளில் ஹெர்ண்டனிடம் அதிகம் பேசிய சாட்சி அந்த இளைஞன்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள் என்ற பெயர் அவனுக்கு உண்டு. இருந்தாலும் நோய் நடந்த வீட்டிலேயே இருந்தவன் அவன்.

மாடு எங்கே மேய்ந்தது

இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆனால் பழைய விவரிப்புகள் பலவும் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

நம் ஊரில் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுவோம், அல்லது ஓட்டிக்கொண்டு போய் மேய்ப்போம். அந்தக் குடியேற்றங்களில் வழக்கம் தலைகீழ். வேலி பயிருக்குத்தான், மாட்டுக்கு இல்லை. நீளவாக்கில் பிளந்த மரக்கட்டைகளைக் கோணல் கோணலாக அடுக்கிச் சோளக் கொல்லையைச் சுற்றி வேலி போடுவார்கள். மாடும் பன்றியும் கழுத்து மணியோடோ காதில் வெட்டிய அடையாளத்தோடோ காட்டில் திரியும். மேய்ச்சல் நிலம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. புதிதாகத் திருத்திய இரண்டு மூன்று ஏக்கரைச் சோளத்துக்கு விடாமல் புல்லுக்கு விடுகிற வசதி யாருக்கும் இல்லை. வேலி போட ஆள்பலமும் இல்லை.

வசந்தத்திலும் முன்கோடையிலும் இதனால் ஒரு கெடுதலும் வராது. வேண்டிய மட்டும் புல் இருக்கும். ஆகஸ்ட் தாண்டியதும் திறந்த இடத்துப் புல் காய்ந்து போகும். மாடு பச்சை தேடி நிழலுக்குள், ஓடைப் பள்ளங்களுக்குள் போகும். அந்த நேரத்தில் அங்கே பச்சையாக நிற்பவற்றில் ஒன்று, வொயிட் ஸ்நேக்ரூட் என்று அழைக்கப்படும் செடி. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பளவு வரை வளரும். எதிரெதிராகப் பல்விளிம்பு இலைகள், நுனியில் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூக்கள். கோடை முடிவில் பூத்து உறைபனி வரை நிற்கும். பார்க்கச் சாதுவான செடி. மாடு விரும்பித் தின்பது இல்லை. வேறு இல்லாதபோது தின்னும்.

1818 செப்டம்பர், அக்டோபர்

முதலில் படுத்தது அந்த உறவினர் தம்பதி. செப்டம்பர் 21 தேதியிட்டுக் கணவர் ஒரு உயில் எழுதி வைத்தார். சாட்சியாகக் கைநாட்டு வைத்தவர்களில் தச்சரின் மனைவியும் ஒருவர். அவர்தான் இருவரையும் பக்கத்தில் இருந்து கவனித்தார். இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். பக்கத்தில் குடியிருந்த ஒரு வேட்டைக்காரரின் மனைவியும் அதே வாரங்களில் நோயுற்று இறந்தார். அந்த வீட்டுக்கும் தச்சரின் மனைவி போய்ப் பார்த்து வந்ததாகச் செய்தி உண்டு.

பிறகு அவரே படுத்தார். நோய் கண்ட ஏழாம் நாள், அக்டோபர் 5 அன்று, இறந்தார். வயது 34. மகளுக்கு 11, மகனுக்கு 9.

அருகில் மருத்துவர் என்று சொல்லத்தக்கவர் 30 மைலுக்கு மேல் தள்ளித்தான் இருந்தார். வந்திருந்தாலும் அந்தக் காலத்து வைத்தியம் ரத்தம் எடுப்பது, பாதரச உப்பு கொடுத்துப் பேதியாக வைப்பது. ஏற்கெனவே வாந்தியில் வற்றிப் போன உடம்புக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை யூகிக்கலாம். மருத்துவர் இல்லாதது இந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வீடு கட்டியபோது மிஞ்சிய மரத்தை இருவர் பிடிக்கும் ரம்பத்தால் பலகையாக அறுத்துத் தச்சரே பெட்டி செய்தார். ஆணிக்குப் பதில் அடிக்கும் மரக்குச்சிகளைச் சிறுவன் சீவிக் கொடுத்தான் என்பது உடனிருந்த இளைஞன் சொன்னது. வீட்டிலிருந்து கால் மைல் தள்ளி மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டில் புதைத்தார்கள். பாதிரியார் யாரும் இல்லை. பல மாதங்கள் கழித்து ஒருவர் வந்தபோதுதான் இறுதி வழிபாட்டுச் சொற்கள் சொல்லப்பட்டன.

கண்ணுக்குப் பட்டதும் படாததும்

பால் நோயின் போக்கை அக்காலக் குறிப்புகள் ஒரே மாதிரி சொல்கின்றன. முதலில் சில நாட்கள் கைகால் ஓய்ந்து போகும், சாப்பாடு இறங்காது. பிறகு விடாத வாந்தி, வயிற்றில் எரிச்சல், கடும் மலச்சிக்கல், அடங்காத தாகம். நாக்கில் வெள்ளை படரும். கைகால் சில்லிடும். மூச்சில் ஒரு விசித்திரமான வாடை வரும். அதை வைத்தே அனுபவசாலிகள் நோயைச் சொல்லிவிடுவார்கள். இன்றைய மருத்துவத்தில் அந்த வாடைக்கு விளக்கம் உண்டு: உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகி, அசிட்டோன் மூச்சில் வெளியேறுகிறது. கடைசியில் மயக்கம். பிழைத்தவர்களுக்கும் பல மாதங்கள் தெம்பு திரும்பாது. கொஞ்சம் கடினமாக உழைத்தால் மறுபடி படுத்துவிடுவார்கள்.

காய்ச்சல் பெரிதாக இருக்காது. அதனால் சதுப்பு நில மலேரியாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இது வேறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே வீட்டில் ஒருவர் சாக, இன்னொருவர் நடமாடுவார். நஞ்சு கொழுப்பில் கரைவது என்பதால் வெண்ணெயில் அதிகம் சேரும். யார் எவ்வளவு பால், எவ்வளவு வெண்ணெய், எந்த மாட்டினுடையது, எந்த நாளில் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். இது தெரியாதவர்களுக்கு அது விதி போலத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய திசைதிருப்பல் பசுவே. நஞ்சுச் செடியைத் தின்ற கறவைப் பசு அந்த நஞ்சில் ஒரு பகுதியைப் பாலில் வெளியேற்றிவிடுகிறது. அதனால் அது நோயில்லாமல், அல்லது மிகத் தாமதமாகத்தான் நோய் தெரிந்து, நன்றாகவே நிற்கும். அதன் பாலைக் குடித்த கன்று நடுங்கி விழும். அதே பாலைக் குடித்த மனிதரும் விழுவார். பால் வற்றிய மாடு, காளை, குதிரை, ஆடு இவை நேராகவே நடுக்கம் கண்டு சாகும். அதாவது ஒரு குடும்பம் தான் குடிக்கும் பால் நல்லதா என்று தெரிந்துகொள்ள இயல்பாக எதைப் பார்க்குமோ, அந்தக் கறவை மாடுதான் கடைசியாகக் காட்டிக்கொடுக்கும். பசு நன்றாகத்தான் இருக்கிறது, ஆகவே பாலும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தது அறியாமை இல்லை. கண் முன் இருந்த சாட்சியத்திலிருந்து எவரும் அப்படித்தான் முடிவுக்கு வருவார்கள்.

நோய்ப் பகுதிகளில் கசாப்புக்காரர்கள் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். அறுக்கும் முன் மாட்டை வேகமாக ஓட விடுவார்கள். நஞ்சு ஏறிய மாடு ஓடினால் நடுங்கும், கால் விறைக்கும், விழும். இறைச்சிக்கு இப்படி ஒரு சோதனை இருந்தது, பாலுக்கு இல்லை.

பின்னாளில் சில மருத்துவர்கள் தச்சர் மனைவியின் சாவுக்கு வேறு நோய்களையும் காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரின் சாவை மட்டும் தனியாக எடுத்தால் அதற்கு இடமுண்டு. ஒரே பருவத்தில், அக்கம்பக்க வீடுகளில், நான்கு பேர் இப்படிப் போனதைச் சேர்த்துப் பார்த்தால் பால் நோய்தான் பொருந்துகிறது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

ஒருவர் படுத்தால் மற்ற வீட்டுப் பெண்கள் போய்க் கவனிப்பது அங்கே எழுதாத சட்டம். தச்சரின் மனைவியும் அதைத்தான் செய்தார். நோயாளியிடமிருந்து இந்த நோய் ஒட்டாது. ஆகவே அவர் பணிவிடை செய்ததால் இறந்தார் என்று உருக்கமாகச் சொல்லப்படுவது சரியாக இருக்க வாய்ப்பில்லை. காட்டில் ஒன்றாகத் திரிந்த மாடுகளின் பால்தான் இரண்டு வீட்டிலும் இருந்தது. தெம்பு இழந்தவர்களுக்கு முதலில் கொடுக்கும் ஆகாரம் பால் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பால் நோய் வந்த பல இடங்களில் அந்தக் கரிசனமே நோயாளிக்கு மேலும் நஞ்சைக் கொடுத்திருக்கும்.

இரண்டாவது முடிவு, அங்கேயே இருப்பது. பால் நோய் வந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போவது அப்போது பரவலாக நடந்தது. சில குடியேற்றங்கள் அப்படியே கைவிடப்பட்டன. தச்சர் போகவில்லை. ஏன் என்பதற்கு அவர் எழுதிவைத்த பதில் ஏதும் இல்லை. நிலக் கணக்கு பேசுகிறது. 80 டாலர் கட்டியாயிற்று. விட்டுப் போனால் அதுவும் போகும், இரண்டு வருஷக் கோடரி வேலையும் போகும். குளிர் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சோளம் கொல்லையில் நின்றது. எங்கே போனாலும் அந்த வட்டாரத்தில் காடு இதே காடுதான். உறைபனி விழுந்ததும் நோயும் நின்றுவிடும். அதைப் பார்க்கும் குடும்பம் ஆபத்து கடந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு.

அந்தக் குளிர்காலமும் அடுத்த ஆண்டு முழுவதும் தச்சரின் 11, 12 வயது மகள்தான் சமைத்தாள். 1819-இல் தச்சர் கென்டக்கிக்குத் திரும்பிப் போய், டிசம்பர் 2 அன்று கணவனை இழந்த ஒரு பெண்ணை மணந்து, அவரையும் அவருடைய மூன்று குழந்தைகளையும் அழைத்து வந்தார். காதல், துக்கம் என்றெல்லாம் இதை எடைபோடுவோர் உண்டு. எல்லைப்புறப் பண்ணையில் இரண்டு பெரியவர்கள் இல்லாமல் வீடு நடக்காது. அது வேலைப் பங்கீட்டுக் கணக்கு. தற்செயலாக அது நல்ல முடிவாகவும் அமைந்தது. வந்தவர் மரத்தரை போடச் சொன்னார், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார், சிறுவன் படிப்பதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

அடுத்த 12 ஆண்டுகள்

1819-இல் நாடு முழுக்கப் பண நெருக்கடி வந்தது. கடனில் நிலம் வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் திணறினார்கள். 1820-இல் அரசு தவணை முறையை நிறுத்தி, விலையை ஏக்கருக்கு 1.25 டாலராக இறக்கியது. பழைய கடன்காரர்கள் நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து மீதியைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று 1821-இல் சட்டம் வந்தது. தச்சர் 1827-இல் அப்படியே பாதியைத் திருப்பிக் கொடுத்து, 80 ஏக்கருக்கு முழு உரிமைப் பட்டா பெற்றார். இடத்தைவிட்டு நகரும் சுதந்திரம் அவருக்கு உண்மையில் அப்போதுதான் கிடைத்தது என்று நான் வாசிக்கிறேன்.

அதற்குள் அந்த இளைஞன் தச்சரின் இரண்டாம் மனைவியுடைய மூத்த மகளை மணந்து பக்கத்தில் பண்ணை வைத்திருந்தான். பால் நோய் மறுபடி தலைகாட்டியது. அவனுடைய மாடுகள் செத்தன. பால் நோய் இல்லாத நாட்டைத் தேடிப் போக முடிவு செய்ததே தான்தான், மற்றவர்கள் தன்னோடு கிளம்பினார்கள் என்று அவன் ஹெர்ண்டனுக்குச் சொன்னான். 1830 மார்ச் மாதம் 13 பேர் மாட்டு வண்டிகளில் கிளம்பி இல்லினாய் மாநிலத்தின் மேக்கன் கவுண்டிக்குப் போனார்கள். அங்கே இலையுதிர் காலத்தில் குளிர்க்காய்ச்சல் வாட்டியது; அடுத்து வந்த குளிர்காலம் அந்த மாநில வரலாற்றில் பெரும் பனிக்காலம் என்று பேசப்படுவது. நோய்க்குப் பயந்து இடம் மாறினார்கள், நோயின் காரணம் கையில் இல்லாமலே. இல்லினாய்க் காடுகளிலும் அதே செடி இருந்தது.

விடை தெரிந்தவர்கள்

எனக்கு இந்த நிகழ்வில் அதிகம் உறுத்துவது 1818 இல்லை. அதற்குப் பிந்தைய நூறு ஆண்டுகள்.

ஒஹாயோ மாநிலத்தின் ஃபேயட் கவுண்டியில் ஜான் ரோ என்ற விவசாயி 1838-இல், தன் மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வொயிட் ஸ்நேக்ரூட்தான் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். சரியான விடை. சின்சினாட்டியின் பெயர்பெற்ற மருத்துவர் டேனியல் டிரேக் அதை ஏற்கவில்லை. நோய்ப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து 1841-இல் அவர் எழுதிய நீண்ட அறிக்கை, பாய்சன் ஐவி என்ற கொடியின் மேல் சந்தேகத்தைச் சாய்த்தது. மற்றவர்கள் பனித்துளி, மண்ணிலுள்ள தாதுக்கள், ஆர்சனிக் என்று போனார்கள். பரிசுத்தொகைகூட அறிவிக்கப்பட்டது.

இல்லினாய் மாநிலத்தின் தெற்குப் பகுதியில், இன்றைய ஹார்டின் கவுண்டியில் அன்னா பிக்ஸ்பி என்ற மருத்துவச்சி இருந்தார். பிள்ளைப்பேறு பார்த்து, பல் பிடுங்கி, நோய்க்கு மருந்து கொடுத்தவர். கோடையில் தொடங்கி உறைபனியோடு நிற்கிறது என்பதை வைத்து இது ஏதோ செடியில் இருக்கிறது என்று அவர் யூகித்தார். அந்த மாதங்களில் பாலையும் வெண்ணெயையும் தொடாதீர்கள் என்று ஊராரிடம் சொன்னார். காட்டில் மாடுகள் பின்னே நடந்து திரிந்தபோது ஷானி என்ற பூர்வகுடி இனத்து முதியவள் ஒருத்தி செடியைக் காட்டினாள், கன்றுக்குக் கொடுத்துச் சரிபார்த்தார், பிறகு ஊரே சேர்ந்து செடியைப் பிடுங்கியது என்பது அங்குள்ள வாய்வழிச் செய்தி. எழுத்து ஆதாரம் மெலிந்தது, கதை சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பருவக் கணிப்பு மட்டும் எவர் தலையிலும் உதிக்கக் கூடியது, சரியானதும் கூட.

சரியான விடையை மெய்ப்பிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. செடி எல்லா இடத்திலும் ஒரே அளவு நஞ்சு கொண்டதில்லை. காய்ந்தால் வீரியம் குறையும். உலர்ந்த செடியைக் கொடுத்துச் சோதித்தவர்களுக்கு மாடு ஒன்றும் ஆகாமல் நின்றது. ஒரு வேளை தின்றால் போதாது, பல நாட்கள் சேர வேண்டும். கறவை மாட்டில் சோதித்தால் அது தாங்கிக்கொள்ளும். ஆகவே கவனமாகச் சோதித்தவர்களுக்கே தவறான பதில் கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஹாயோவின் சாண்டஸ்கி நகரில் ஆசிரியராக இருந்த எட்வின் மோஸ்லி, விலங்குகளுக்கு இந்தச் செடியைக் கொடுத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். 1928-இல் அமெரிக்க வேளாண் துறையின் வேதியியலாளர் ஜேம்ஸ் கவுச் செடியிலிருந்து டிரெமெட்டால் என்ற எண்ணெய் போன்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார். அது ஒற்றைப் பொருள் இல்லை, பல சேர்மங்களின் கலவை என்பது பின்னால் தெரிந்தது.

அதற்குள் நோய் தானாகவே பெரும்பாலும் மறைந்திருந்தது. காடு அழிந்து வயலானது. மாடு வேலிக்குள் வந்தது. பல பண்ணைகளின் பால் ஒன்றாகக் கலந்து விற்கப்பட்டதால் ஒரு மாட்டின் நஞ்சு நீர்த்துப் போனது. செடியை அறிந்ததால் நோய் ஒழியவில்லை. ஊர் மாறியதால் ஒழிந்தது.

அன்று எதை வேறாகச் செய்திருக்கலாம்

1928-இன் அறிவை 1818-க்குக் கொண்டு போய் வைத்துக் குறை சொல்வதில் பயனில்லை. அன்று அவர்களுக்குக் கிடைத்த தகவலை மட்டும் வைத்து என்ன செய்திருக்க முடியும் என்றுதான் பார்க்க வேண்டும்.

கறவைப் பசுவை விட்டுக் கன்றைப் பார்த்திருக்கலாம். காட்டிலிருந்து வந்த மாட்டின் கன்று கால் விறைத்து நடுங்கினால் அன்றே அந்தப் பாலை நிறுத்துவது, கையில் காசில்லாதவனாலும் முடிகிற காரியம். கசாப்புக்காரர்கள் இறைச்சிக்குச் செய்ததைப் போன்றதுதான் இது. முதல் ஆள் படுத்ததும் பாலோடு வெண்ணெயையும் மோரையும் சேர்த்து நிறுத்த வேண்டும். பாலை மட்டும் நிறுத்திவிட்டு வெண்ணெயைத் தின்றால் நிலைமை மோசமாகும். ஆகஸ்ட் முதல் உறைபனி வரை கறவை மாட்டை மட்டுமாவது வீட்டருகே கட்டி, சோளத்தட்டையும் இலையும் போடலாம். இதற்கு ஆள் வேண்டும், தீனி வேண்டும். இரண்டாம் ஆண்டுக் குடியேறிக்கு அது எளிதில்லை. ஆகவே முதலிரண்டும் நடக்கக் கூடியவை, மூன்றாவது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்றே கணக்கிடுகிறேன்.

மருத்துவ உலகின் பக்கம் மாற்றம் வேறிடத்தில் வேண்டியிருந்தது. ரோ சொன்னதைத் தள்ளிய டிரேக், ரோவின் மாடுகளில் எது கறவை, எது வற்றியது என்று கேட்டிருந்தால் கதை 1841-லேயே முடிந்திருக்கக் கூடும்.

லிட்டில் பிஜியன் கிரீக் பண்ணை 1962 முதல் தேசிய நினைவிடம். காட்டு ஓரங்களில் தனியாக ஒரு பசுவோ சில ஆடுகளோ வளர்த்து அந்தப் பாலையே குடிக்கும் வீடுகளுக்கு ஆபத்து இன்றும் தீரவில்லை. மத்திய மேற்கின் வேளாண் ஆலோசகர்கள் கோடை முடிவில் நிழலான மேய்ச்சலைச் சரிபார்க்கச் சொல்வது அதனால்தான்.

இதே மாதிரி வேறு கவுண்டிகளின் தொடக்க காலத்தை ஆராய்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. புகழ்பெற்ற மகன் இல்லாத குடும்பங்களுக்கு ஹெர்ண்டன் கிடைக்க மாட்டார். அங்கே நீதிமன்ற உயில் பதிவேடுகளை ஆண்டுவாரியாக இல்லாமல் மாதவாரியாக அடுக்கிப் பார்க்கலாம். ஆகஸ்ட் முடிவிலிருந்து அக்டோபர் வரை, ஒரே ஓடையைச் சேர்ந்தவர்களின் உயில்கள் நெருக்கமாக விழுந்திருந்தால் அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே சதுரங்களில் நிலம் திருப்பிக் கொடுக்கப்பட்டதா, கைமாறியதா என்று நில அலுவலகப் பேரேட்டில் பார்க்கலாம். மலேரியாவும் இதே மாதங்களில் வரும் என்பதால் இது மட்டும் போதாது. இறந்தவரின் சொத்துப் பட்டியலும் வேண்டும். அதில் பசு இருந்து கன்று இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படியுங்கள்.